களத்து நெல்லில் ஒரு பங்கு

1931 மே 11ஆம் தேதி சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் அது. மீட்டர் கேஜ் பாதை, சுமார் 29 கிலோமீட்டர் தூரம். அது வந்து நின்ற இடம் அன்றைக்கு நகரமாக இல்லை. தண்டவாளத்தின் இரு பக்கமும் ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் பனை, அதற்கப்பால் கல்குன்று. கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் என்று ஒவ்வொன்றும் தனி ஊர். ஒவ்வொன்றுக்கும் தனிக் களம், தனி அம்மன், தனிச் சுடுகாடு.

பட்டணத்துக்குப் பிழைக்கப் போன பிள்ளை பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் இந்த ரயில் கொடுத்த பெரிய வசதி. அதற்கு முன்பு வேலைக்குப் போனவர்களில் பலர் பட்டணத்திலேயே தங்கிவிட வேண்டியிருந்தது. ரயில் வந்த பிறகு ஒரே வீட்டுக்குள் மாதச் சம்பளமும் வந்தது, அறுப்பு நெல்லும் வந்தது. மகன் சீசன் டிக்கெட்டோடு காலை வண்டியைப் பிடிப்பான். தகப்பன் மதகு திறந்திருக்கிறதா என்று பார்க்க மண்வெட்டியோடு கிளம்புவார். இந்த ஏற்பாடு ஏறக்குறைய இரண்டு தலைமுறைக்கு நீடித்தது.

பின்னாளில் அதே ரயில்தான் வயலுக்கு மனை விலையையும் கொண்டுவந்தது. தாம்பரத்தின் வரலாறு எழுதுபவர்கள் கல்லூரியையும் விமானப்படைத் தளத்தையும் மருத்துவமனையையும் விரிவாகச் சொல்கிறார்கள். வயல் மனையானபோது அந்த ஊர்களின் முதியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. முதுமையைத் தாங்க இந்த ஊர்களிடம் என்ன ஏற்பாடு இருந்தது, அது யாரைத் தாங்கியது, யாரைக் கைவிட்டது, அது போன பிறகு எது வந்தது என்பதும் இந்தப் புறநகரின் வரலாறுதான்.

அந்த ஏற்பாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான சான்று 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் இந்த ஊர்கள் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் தமிழில் எழுதிக் கொடுத்ததே அந்த அளவைக்கு அடிப்படை. நிலம், ஏரி, வீடுகள், விளைச்சல், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அதில் பதிவாயின. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களின் அருமையை 20ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். ஜே.கே. பஜாஜ், எம்.டி. ஸ்ரீநிவாஸ் ஆகியோர் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

அந்தக் கணக்குகளில் தெரிவது இது: களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே பல கைகளுக்கு நெல் அளந்துவிடுவார்கள். கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிடும் நீர்கட்டிக்கு என்று அந்த வரிசை நீளும். இதற்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். பங்கு வேலைக்கானது, வேலை குடும்பத்துக்கானது. கொல்லருக்குக் கை நடுங்கத் தொடங்கினால் உலைக்களத்தில் மகன் உட்காருவார். நெல் அந்த வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். முதியவருக்கென்று யாரும் தனியாக அளக்கவில்லை. ஆனால் அவர் சாப்பிடும் உலையில் களத்து நெல் இருந்தது.

அந்த நெல்லுக்கு ஏரிதான் ஆதாரம். செங்கல்பட்டுச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு. அதனால் ஊருக்கு ஊர் ஏரி, தாங்கல், குளம். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போவது இன்றும் வரைபடத்தில் காணக்கூடிய சங்கிலி. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் வழிந்தால் அடையாற்றில் சேரும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களும் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்தே தீர்மானமாகும். எந்த வருஷம் எது விளையும் என்று கணிக்கப் பல வருஷ மழையைப் பார்த்த கண் வேண்டும்.

முதியவர்களின் சொல்லுக்கு மதிப்பு வந்தது இங்கேதான். எந்த மதகில் கசிவு வரும், கரையில் எந்த இடம் இளகும், எந்தக் கால்வாயை எந்த மாதம் தூர்வார வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் இல்லை. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து நாளில் இளைஞர்கள் கூடையும் மண்வெட்டியுமாக இறங்குவார்கள். கரையில் நிற்கும் பெரியவர்தான் எங்கே வெட்டுவது என்று காட்டுவார்.

வீட்டுக்குள்ளும் முதுமைக்கு வேலை இருந்தது. காயும் நெல்லைக் கோழி கிளறாமல் கிழவி காவல் இருப்பாள். விதைநெல்லைத் தனியாக எடுத்துக் குதிரில் அடைப்பது அவள் பொறுப்பு. வரட்டி தட்டுவாள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேழ்வரகுக் கூழ் கிண்டுவாள். கிழவர் பனைநாரில் கயிறு திரிப்பார், ஆட்டை ஏரிக்கரையில் மேய்ப்பார், கதிர் முற்றும் நாளில் வயலோரம் நின்று குருவி ஓட்டுவார். எல்லாமே சின்ன வேலைகள்தான். அவற்றை முதியவர்கள் செய்தால்தான் மற்றவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போக முடியும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வயதுக்குப் பொது வாழ்விலும் இடம் கொடுத்த பழைய ஆவணம் ஒன்று இதே தொண்டை மண்டலத்தில் கிடைக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். 921ஆம் ஆண்டின் கல்வெட்டுப்படி வாரிய உறுப்பினர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் ஆண்டு வாரியத்தில் சேர்க்க வேண்டும் என்றும் விதி இருந்தது. குடவோலை நாளில் ஓலைகள் இருந்த குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டியவர் அங்கிருந்த நம்பிமாரில், அதாவது கோயில் அர்ச்சகர்களில், மூத்தவர். ஓலையை எடுத்தது விவரம் அறியாத ஒரு சிறுவன். அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஏரியைக் காத்த அனுபவம் ஒரு தகுதி என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் எழுதி வைத்தார்கள்.

இதையெல்லாம் பொற்காலமாகச் சொன்னால் பாதி வரலாறு மறைந்துவிடும். களத்து நெல்லில் எல்லோருக்கும் பங்கு இருந்தது, பங்கு சமமாக இல்லை. நிலமும் காணியாட்சியும் மிராசுதாரர் கையில் இருந்தன. வயலில் இறங்கி உழைத்த பறையர் குடும்பங்கள் பலவும் படியாள் என்ற பெயரில் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தன. தகப்பன் வாங்கிய கடன் மகன் தலையில் விடிந்தது. குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதாக இருந்தால், எதிர்த்துப் பேசியவர் வீட்டையும் இழக்க நேர்ந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரமென்ஹீர் இந்த நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். உழைக்க முடியாமல் போன ஒரு படியாளின் முதுமை, மிராசுதார் வீட்டுத் திண்ணையில் கழிந்த முதுமை போன்றதல்ல. ஒருவர் தன் சொல்லால் வாழ்ந்தார். இன்னொருவர் மகனின் உடம்பை நம்பி வாழ்ந்தார்.

பஞ்சமும் போரும் வந்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் சரிந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமைக்குள் புகுந்தபோது ஊர்கள் பாழாயின, மக்கள் பட்டணத்துக்கு ஓடினார்கள். அந்தப் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் வட சென்னையில் உருவானதுதான் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது மணேகர் சவுல்ட்ரி ஆயிற்று. அதன் கஞ்சித்தொட்டி மருத்துவமனைதான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. சத்திரம் ஆதரவற்ற முதியோரின் இல்லமாகத் தொடர்ந்தது. ஊர் கலைந்தால் முதலில் நிர்க்கதியாவது யார் என்பதற்கு அந்தச் சத்திரத்தின் வரலாறே சாட்சி.

முதுமையைப் பேணிய அதே ஊர், சாவையும் தன் முறைப்படி நடத்தியது. பேரன், பேத்தி எடுத்து வாழ்ந்து முடித்தவர் போனால் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். மேளம், வெடி, பூப்பல்லக்கு எல்லாம் உண்டு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வரும். உறவுப் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவர் எந்த ஊரில் பிறந்தார், எப்படி வாழ்க்கைப்பட்டார், எந்தப் பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தார், எந்தக் கொல்லையை வாங்கினார் என்பதெல்லாம் அந்தப் பாட்டில் வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சரித்திரம் ஊர் கேட்கச் சொல்லப்பட்ட ஒரே தருணம் பல வீடுகளில் அதுவாகத்தான் இருந்தது. அடக்கம் முடிந்தால் ஏரியில் முழுக்கு. பதினாறாம் நாள் கருமாதியும் ஏரிக்கரையில், படித்துறையில்.

இந்தச் சடங்குகளிலும் கொடுமை உண்டு. கருமாதி நாளில் கைம்பெண்ணின் பூவையும் பொட்டையும் தாலியையும் ஊர் முன்னால் களைந்தார்கள். துக்கத்தின் மேல் அவமானத்தையும் ஏற்றிய வழக்கம் அது. பறையடிப்பதும் குழி வெட்டுவதும் சாவுச் சேதி சொல்லப் போவதும் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கட்டாய ஊழியம். அதைச் செய்ய மாட்டோம் என்று 20ஆம் நூற்றாண்டு முழுக்கத் தமிழக ஊர்களில் தலித் மக்கள் போராடினார்கள். சுடுகாட்டுப் பாதைக்கான சச்சரவு இன்றும் தீர்ந்துவிடவில்லை.

இறந்தோரைப் பேணும் வழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்குப் பல்லாவரம் சான்று.  19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ, பல்லாவரம் மலைச்சாரலில் கால்கள் வைத்துச் செய்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். இரும்புக் காலத்து மக்கள் தம் வீட்டு மனிதருக்காகச் சுட்டு எடுத்த பேழை அது.

ரயிலுக்கு முன்னும் பின்னும் இந்த ஊர்களுக்குள் புதிய நிறுவனங்கள் நுழைந்தன. 1928இல் டாக்டர் சவுரிமுத்து, தாம்பரத்துக்கு அருகே மலையடிவாரத்தில் 12 படுக்கைகளோடு காசநோய்ச் சானட்டோரியம் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. கணவனை இழந்த பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் படித்துத் தொழில் கற்க அரசு சேவை இல்லமும் தாம்பரத்தில் வந்தது. நோயாளியோ ஆதரவற்றவரோ வீட்டை விட்டு வேறொரு கட்டடத்தில் வாழ்வது, அங்கேயே சாவது என்ற புதிய அனுபவத்தை இந்த வட்டாரம் முதலில் பார்த்தது சானட்டோரியத்தில்தான்.

நிலம் கை மாறிய வேகம் இந்தியா விடுதலை பெற்ற பிறகுதான் கூடியது. கடப்பேரி, புலிக்கொரடு, தாம்பரம், இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஐந்து ஊராட்சிகளைச் சேர்த்து 1964இல் தாம்பரம் நகராட்சி உருவானது. பம்புசெட்டு வந்தது. கிணறு வைத்திருந்தவருக்கு ஏரியின் தேவை குறைந்தது. குடிமராமத்துக்கு ஆள் திரள்வது நின்றது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்து, பின்பு கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. சாதி வழிப் பதவியை எடுத்தது நியாயமான காரியம். அதோடு எந்த வாய்க்கால் யார் நிலத்தின் வழியே போகிறது என்று மனப்பாடமாகச் சொன்ன ஒரு கூட்டமும் அலுவலகத்தை விட்டு வெளியேறியது. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. நடவுக்குப் போன தாய்மார்களின் பெண்கள் காலை ஷிப்டுக்குப் போனார்கள். கையில் காசு வந்தது, பெண்களின் வாழ்க்கை விரிந்தது. பகல் முழுக்க வீட்டில் முதியவர்கள் மட்டும் இருக்கும் நிலையும் அதனோடு வந்தது.

செங்கல்பட்டுச் சீமையின் பழைய நில அளவையில் ஒரு காணி என்பது 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. சென்னையில் இன்றைக்குக் கிரவுண்டு என்று சொல்வது அந்த மனையைத்தான். தரகர் வந்து காணியை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டபோது புதிய அளவுகோல் எதுவும் தேவைப்படவில்லை. மேடவாக்கம், வேங்கைவாசல், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று ஊர் ஊராக ஆயக்கட்டு நிலம் லே-அவுட் ஆனது. ஏரி இருந்தது, அதன் கீழே வயல் இல்லை. மதகைத் திறக்க வேண்டிய அவசியம் போனதும் நீர்கட்டியின் வேலை போனது. களம் போனதும் காவல் போனது. மாடு போனதும் கயிறு, வைக்கோல், வரட்டி எல்லாம் போயின. முதியவர்கள் செய்துவந்த சின்ன வேலைகள் ஒவ்வொன்றும் ஏரி விவசாயத்தோடு சேர்ந்தவை. விவசாயம் நின்ற வருஷமே அவை நின்றன.

கையில் பணம் வந்த வீடுகளிலும் இந்த இழப்பு இருந்தது. ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டார்கள், திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கேட் வந்தது. பக்கத்து மனைகளில் வெளியூர்க்காரர்கள் குடியேறினார்கள். பெரியவரின் பெயர் சொல்லி அவர் தகப்பன் பெயரும் சொல்லும் ஆட்கள் தெருவில் குறைந்தார்கள். நிலத்துக்கும் மழைக்கும் மாட்டுக்கும் அவரிடம் யோசனை கேட்ட வீடு, பத்திரத்தில் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் மட்டும் அவரைத் தேடியது.

நிலம் இல்லாதவர்களின் கதை வேறு. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வாழ்ந்த கூலிக் குடும்பங்களுக்கு நிலம் விற்ற பணத்தில் ஒரு ரூபாயும் வரவில்லை. குடியிருந்த மனையின் உரிமையை விவசாயத் தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் கொடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல் வந்தது. அதில் பயன் பெற்றவர்களுக்கு முதுமையில் தலைக்கு மேல் ஒரு கூரை நிலைத்தது. வயல் கூலி போனதும் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார்கள், அல்லது புதிதாக எழும்பிய காலனிகளில் பாத்திரம் தேய்க்கப் போனார்கள். தாங்கள் நாற்று நட்ட வயலிலேயே எழுந்த வீடுகள் அவை.

களத்துப் பங்கு போன இடத்தை அரசு ஓரளவு நிரப்பியது. தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை 1962இல் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் 20 ரூபாய். 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981இல் விவசாயத் தொழிலாளருக்கும் தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. தபால்காரர் மணியார்டரோடு சைக்கிளில் வரும் நாளுக்காக எத்தனையோ வாசல்கள் காத்திருந்தன. 2023இல் தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. சாதி பார்க்காமல், யாருக்கும் அடிமைப்படாமல், முதியவரின் சொந்தப் பெயரில் வரும் பணம் இது. மேரை ஒருபோதும் தராத ஒரு கௌரவம் அதில் இருக்கிறது. அதே நேரத்தில் இந்த உதவி ‘ஆதரவற்றவர்’ என்று நிரூபிக்கச் சொல்கிறது. பிள்ளை இருந்தும் சோறு கிடைக்காதவர், பிள்ளையே இல்லாதவரைப் போல அலுவலகத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. ஊர் நடுவே பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதற்குக் கூசும் தாய்மார்கள் மனுவே கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்களின் முதுமை சார்பதிவாளர் அலுவலகத்தோடு பின்னிக்கொண்டது. 1989இல் தமிழ்நாடு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்ட நீதி அது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த இந்த வட்டாரத்தில் பாகப்பிரிவினை அதற்குப் பிறகு அவசரமான காரியமாயிற்று. பிள்ளைகளை நம்பித் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, சில வருஷங்களில் அந்த வீட்டிலேயே இடமில்லாமல் போன பெற்றோர் பலர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அவர்களுக்கு ஒரு வழி திறந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிப்பு இல்லாதபோது ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும், சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம். இந்தச் சட்டம் இருப்பது இன்னும் பல முதியவர்களுக்குத் தெரியாது. செட்டில்மென்ட் எழுதும் நாளிலேயே பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

சொத்தும் இல்லாமல் சுற்றமும் இல்லாமல் போனவர்களுக்காகத் தனிமனிதர்கள் முன்வந்தார்கள். சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விஸ்ராந்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்கான இலவச இல்லம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில் அது இயங்குகிறது. முதியோர் இல்லம் என்பதே நம் ஊரில் பழக்கமில்லாத காலத்தில் அது வந்தது. இன்றைக்குத் தாம்பரத்தைச் சுற்றி இலவச இல்லங்களும் கட்டண இல்லங்களும் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள், பிள்ளைகள் அடுத்த தெருவிலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் 60 வயதைக் கடந்தவர். அந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் போகிறது.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது. தெருக்களில் படகு ஓடியது. படி ஏற முடியாத முதியவர்களைத் தோளில் சுமந்து மாடிக்கும் படகுக்கும் கொண்டு சேர்த்தார்கள் அக்கம்பக்கத்து இளைஞர்கள். தண்ணீர் புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கலங்கலிலிருந்து போக்குக்கால் எங்கே போனதோ அங்கே போனது. அந்த வழியில் அப்போது வீடுகள் இருந்தன. குடிமராமத்து நாட்களில் கரையில் நின்று வழிகாட்டியவர்களிடம் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த காலத்தில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஏரிகளின் மேல் மக்களுக்கு அக்கறை திரும்பியிருக்கிறது. 2019 கோடையில் குடிதண்ணீருக்குத் தவித்தபோது சிட்லபாக்கம் மக்கள் தாங்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பையையும் சேற்றையும் அள்ளினார்கள். செம்பாக்கம் ஏரியைத் தொண்டு நிறுவனங்களும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து சீரமைத்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இவை எல்லாம் நம்பிக்கை தரும் காரியங்கள்.

ஆனால் சீரமைப்புத் திட்டங்கள் செயற்கைக்கோள் படத்தையும் வருவாய்த்துறைப் பதிவேட்டையும் வைத்து வரையப்படுகின்றன. பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று ஒரு சர்வே எண் இருக்கும். அது எந்தத் தெருவுக்கு அடியில் எப்படி வளைந்து போனது, எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் அதில் ஓடியது என்பதை அந்தத் தண்ணீரில் நின்று நாற்று நட்டவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களில் இளையவருக்கே இப்போது எழுபதை ஒட்டிய வயது. நீர்கட்டி வேலை பார்த்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும், நடவுக்குப் போன பெண்களும் இன்னமும் அகரம்தென்னிலும் மாடம்பாக்கத்திலும் மணிமங்கலத்திலும் இருக்கிறார்கள். ஊரின் ஏரி வரலாற்றை மிராசு வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதினால் பழைய தவறே திரும்ப வரும். தலித் மக்கள் வாழும் காலனியிலும் போய்க் கேட்க வேண்டும், பெண்களிடமும் கேட்க வேண்டும்.

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகள் உட்பட ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. வார்டு தோறும் பகுதி சபை கூட்டுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு சபையும் தன் பகுதியின் முதியவர்களை அழைத்து, வரத்துக்கால் எது, போக்குக்கால் எது, மதகு இருந்த இடம் எது என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கலாம். வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு உடன் போகலாம். அதே வருகையில் ஓய்வூதிய மனு நிலுவையில் இருக்கிறதா, தீர்ப்பாயத்துக்குப் போக உதவி வேண்டுமா என்றும் விசாரித்துவிடலாம்.